சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி பின்னிய தோட்டக்காரர்

நெல்லைச் சீமையில் சைக்கிள் சுமக்காத பொருள் இல்லை. தாமிரபரணிக் கரையில் அறுத்த வாழைத்தார்களைச் சுமந்தது. வாழை இலைக்கட்டுகளைச் சுமந்தது. பால் கேன்களைச் சுமந்தது. நெல் மூட்டையைச் சுமந்தது. முன்னால் குழந்தை, பின்னால் மனைவி, மிதிப்பவர் கணவர் என்று ஒரு குடும்பத்தையே சுமந்தது.

இவ்வளவு பாரத்தையும் தாங்குவது எது? குடைக்கம்பியைவிடக் கொஞ்சம் கெட்டியான இரும்புக் கம்பிகள்! ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் கனம்தான். அதைக் கையில் எடுத்து வளைத்தால் வளைந்துவிடும். தரையில் நட்டு மேலே அழுத்தினால் துவண்டுவிடும்.

அப்படிப்பட்ட கம்பியை வைத்து மனிதனைச் சுமக்க முடியும் என்று நம்பி, அதைச் செய்தும் காட்டியவர்களில் தலையாயவர் ஒரு தோட்டக்காரர்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஸ்டார்லி. இங்கிலாந்துக்காரர். அந்த நாட்டில் சைக்கிள் தொழிலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

எலிப்பொறி செய்த சிறுவன்

இங்கிலாந்தின் தென்பகுதியில் சசெக்ஸ் என்று ஒரு மாவட்டம். அங்கே ஆல்போர்ன் என்ற சிற்றூர். அந்த ஊரில் 1830-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஸ்டார்லி பிறந்தார். தகப்பனார் விவசாயி.

ஒன்பது வயதிலேயே பையன் வயல் வேலைக்கு வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவன் அல்ல. ஆனால் கை சும்மா இருக்காது. உடைந்த குடைக்கம்பி ஒன்றையும் ஒரு மரக்கிளையையும் வைத்து எலிப்பொறி செய்தான். இழுத்துக் கட்டிய கம்பிக்கு என்ன வலு உண்டு என்பதை அந்த வயதிலேயே அவன் விரல்கள் அறிந்துகொண்டன போலும்!

வயல் வேலையில் மனம் ஒட்டவில்லை. இளவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். லண்டனை அடுத்த லூயிஷாமில் ஜான் பென் என்ற பெரிய மனிதர் வீட்டில் தோட்ட வேலை கிடைத்தது. பென், கப்பல்களுக்கு நீராவி இயந்திரம் செய்கிற புகழ்பெற்ற என்ஜினீயர்.

பகலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான். ஓய்வு நேரத்தில் கடிகாரம் பழுது பார்ப்பான். ஒரே கயிற்றால் இயங்கும் ஜன்னல் திரை, தானே ஆடும் தொட்டில் என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பான்.

ஒரு நாள் எஜமான் வீட்டில் தையல் மிஷின் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் தையல் மிஷின் என்பது அபூர்வப் பொருள். விலையும் அதிகம். தோட்டக்காரன் அதைப் பிரித்தான். பழுதை நீக்கினான். அதோடு நிற்கவில்லை. இந்த மிஷினை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று யோசனையும் சொன்னான்.

பென் பெரிய மனம் படைத்தவர். வேலைக்காரன் வாயை அடக்கவில்லை. தமக்குத் தெரிந்த தையல் மிஷின் வியாபாரி ஜோசையா டர்னரிடம் அவனைப் பற்றிச் சொன்னார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டார்லி லண்டன் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

வேலை இழந்த ஊர்

1861-ம் ஆண்டு வாக்கில் டர்னரும் ஸ்டார்லியும் கோவென்ட்ரி என்ற ஊருக்கு வந்து புதிய தையல் மிஷின் கம்பெனி தொடங்கினார்கள்.

ஏன் அந்த ஊர்? அங்கே கைத்திறன் மிக்க தொழிலாளர்கள் நிறைய இருந்தார்கள். வேலைதான் இல்லை!

கோவென்ட்ரி பட்டு நாடா நெய்கிற ஊர். 1860-ல் இங்கிலாந்தும் பிரான்சும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரெஞ்சு நாடா வரியில்லாமல் வந்து குவிந்தது. கோவென்ட்ரி தறிகள் நின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினி கிடந்தன. பலர் ஊரை விட்டே போனார்கள். கடிகாரத் தொழிலும் அந்த ஊரில் உண்டு. ஆனால் அதுவும் பின்னால் வெளிநாட்டுப் போட்டியில் தேய ஆரம்பித்தது.

தறி நின்றால் நெசவாளி வீட்டில் அடுப்பு எரியாது. இதை நம் ஊர் நெசவாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1868-ல் டர்னரின் உறவினரான ரௌலி டர்னர் என்ற இளைஞர் பாரிசிலிருந்து ஒரு விசித்திர வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு சக்கரம். முன்சக்கரத்தின் நடுவிலேயே மிதிகட்டை. செயின் கிடையாது. ரப்பர் டயரும் கிடையாது. மரச்சக்கரம், அதன் மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் அதை ஓட்டினால் எலும்பெல்லாம் ஆடும். ஆங்கிலேயர்கள் அதற்கு எலும்பு குலுக்கி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

தையல் மிஷின் கம்பெனி இந்த வண்டியையும் செய்யத் தொடங்கியது. 1870-ல் பிரான்சில் போர் மூண்டது. பாரிஸ் வியாபாரம் படுத்துவிட்டது. இனி வண்டியை உள்நாட்டிலேதான் விற்க வேண்டும். இந்த எலும்பு குலுக்கியை எத்தனை பேர் வாங்குவார்கள்?

மாட்டு வண்டிச் சக்கரமும் சைக்கிள் சக்கரமும்

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் குடம். சுற்றிலும் வட்டை. இரண்டுக்கும் நடுவே ஆரக்கால்கள். பாரம் குடத்தை அழுத்துகிறது. குடம் கீழே உள்ள ஆரக்காலை அழுத்துகிறது. ஆரக்கால், தூண் மாதிரி நின்று தாங்குகிறது. எனவே அது கனமாகத்தான் இருக்க வேண்டும்.

சைக்கிள் சக்கரம் வேறு ஜாதி. அதில் தூண் கிடையாது. எல்லாம் கயிறுதான்!

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை நிமிர்த்தி வைத்தால் நிற்குமா? ஆனால் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் ஆறடி மனிதன் படுத்துப் புரளலாம். சைக்கிள் சக்கரத்திலும் எல்லாக் கம்பிகளும் நாலாபுறமும் இழுபட்டு விறைப்பாக நிற்கின்றன. பாரம் ஏறும்போது கீழ்ப்பக்கத்துக் கம்பிகளில் இழுப்பு கொஞ்சம் குறைகிறது. முழுவதும் தளராது. தளராத வரையில் சக்கரத்துக்கு ஆபத்து இல்லை. இழுத்துக் கட்டிய கம்பி உடைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். உண்மையில், தளர்ந்து ஆடுகிற கம்பிதான் சீக்கிரம் அறுகிறது.

இந்த யோசனை ஸ்டார்லிக்கு மட்டும் தோன்றியது என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. 1808-லேயே ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர், பறக்கும் இயந்திரத்துக்கு லேசான சக்கரம் வேண்டும் என்று இதே வழியில் சிந்தித்திருக்கிறார். 1869-ல் பாரிசில் யூஜின் மேயர் என்பவர் கம்பிச் சக்கரத்துக்குப் பேடன்ட் உரிமை வாங்கினார். கம்பியின் முனையில் திருகி இறுக்குகிற நிப்பிள், கிரவுட் என்ற மற்றொரு ஆங்கிலேயரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஒரு சக்கரத்துக்குப் பல தகப்பன்மார்! என்றாலும் கம்பியை எப்படிக் கோர்ப்பது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஸ்டார்லிதான்.

ஏரியல்

கம்பெனியில் உடன் வேலை பார்த்த வில்லியம் ஹில்மனைச் சேர்த்துக்கொண்டு ஸ்டார்லி வெளியே வந்தார். 1870 ஆகஸ்டில் இருவரும் ஒரு புதிய வண்டிக்குப் பேடன்ட் எடுத்தார்கள். அதன் பெயர் ஏரியல்.

முன்சக்கரம் மிகப் பெரியது. பின்சக்கரம் சின்னஞ்சிறியது. படத்தில் பார்த்தால் இன்று சிரிப்பு வரும். அதற்குக் காரணம் உண்டு. செயின் இல்லாத வண்டியில் ஒரு மிதி மிதித்தால் சக்கரம் ஒரு சுற்றுதான் சுற்றும். 50 அங்குல விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 13 அடி போகும். சக்கரம் பெரிதானால் வேகமும் கூடும். மரத்தில் அவ்வளவு பெரிய சக்கரம் செய்தால் யார் மிதிப்பது? கம்பியில் செய்தால் மிதிக்கலாம்.

இந்த ஏரியல் சக்கரத்தில் கம்பி கோர்த்த விதம் வேடிக்கையானது. இன்று எந்தக் கடையிலும் அதைப் பார்க்க முடியாது. கம்பிகளெல்லாம் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும். அவற்றோடு, நடுவிலிருந்து இரண்டு கெட்டியான நெம்புகோல்கள் எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நெம்புகோல்களின் நுனியை வேறு இரண்டு கம்பிகள் விளிம்போடு இணைக்கும். அந்த இரண்டை மட்டும் திருகி இறுக்கினால் போதும். நடுக்குடம் சிறிது திரும்பும். அதோடு அத்தனை கம்பிகளும் ஒரே சமயத்தில் விறைத்துக்கொள்ளும்!

கயிற்றுக் கட்டிலில் கால்மாட்டுக் கயிற்றை இழுத்தால் முழுக் கட்டிலும் இறுகுகிறதல்லவா? அதே சூத்திரம்.

விலை 8 பவுன். வண்டி நல்லதுதான் என்று ஜனங்கள் நம்ப வேண்டுமே! ஸ்டார்லியும் ஹில்மனும் ஆளுக்கு ஒரு ஏரியலில் ஏறி உட்கார்ந்தார்கள். லண்டனிலிருந்து கோவென்ட்ரிக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். தூரம் சுமார் 96 மைல். திருநெல்வேலியிலிருந்து மதுரை போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் காற்றடைத்த டயர் இல்லாமல், நெஞ்சளவு உயரச் சக்கரத்தின் மேல்! ஸ்டார்லிக்கு அப்போது நாற்பது வயது ஆகிவிட்டது. உடம்பும் பருத்த உடம்பு.

கம்பிகள் குறுக்கே போயின

ஏரியல் வென்றது. ஆனால் ஸ்டார்லிக்குத் திருப்தி இல்லை.

ஒரு திருகில் எல்லாக் கம்பியும் இறுகுவது சௌகரியம். அதுவே குறையும்கூட. ஒரே ஒரு கம்பி தளர்ந்தால் அதை மட்டும் இறுக்க முடியாது. இன்னொரு தொல்லையும் இருந்தது. மிதிப்பவன் பலமெல்லாம் நடுக்குடத்தைத் திருகுகிறது. குடம் திரும்பினால் விளிம்பும் கூடவே திரும்ப வேண்டும். நேராகப் போகிற கம்பி இதற்கு உதவாது.

கிணற்று ராட்டினத்தில் கயிறு எங்கே படுகிறது? ஓரத்தில். அதனால்தான் கயிற்றை இழுத்ததும் ராட்டினம் சுற்றுகிறது. அதே கயிற்றை ராட்டினத்தின் நடு அச்சில் கட்டி இழுத்துப் பாருங்கள். ராட்டினம் பெயர்ந்து கையோடு வந்தாலும் வருமே தவிர, சுற்றாது.

ஸ்டார்லி இதைத்தான் சக்கரத்தில் செய்தார். கம்பியை நடுவிலிருந்து நேராக விடவில்லை. குடத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு சாய்வாக விட்டார். பாதிக் கம்பிகள் முன்பக்கம் சாய்ந்தன. மறுபாதி பின்பக்கம் சாய்ந்தன. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. மிதிக்கும்போது ஒரு பாதி கூடுதலாக இழுக்கும். மறுபாதி சற்றே விட்டுக்கொடுக்கும். நெம்புகோல் வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே இறுக்கலாம். 1874-ல் இதற்குப் பேடன்ட் வாங்கினார்.

தாமிரபரணிக் கரைக் கோரையில் பத்தமடைப் பாய் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பின்னல் புதிதாகத் தோன்றாது. இன்று சைக்கிள் கடையில் கம்பி கோர்க்கிறவர் ஒரு கம்பியை மற்ற இரண்டு கம்பிகளுக்கு மேலாக விடுவார். மூன்றாவது கம்பி வந்ததும் அதன் அடியில் நுழைத்து எடுப்பார். இப்படி ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் பள்ளத்தில் விழுந்தாலும் கம்பிகள் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

பிறகு கோட்டம் எடுப்பது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று பார்த்து, இந்த நிப்பிளை அரைச் சுற்று இறுக்கி, அந்த நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தி... இது புத்தகம் படித்து வருகிற வித்தை அல்ல. கம்பியை விரலால் தட்டிச் சத்தத்திலேயே இழுப்பைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. வீணை வித்துவானுக்கும் இவருக்கும் காது ஒன்றுதான் என்பேன். சம்பாத்தியம்தான் வேறு!

ஸ்டார்லிக்குப் பிறகு விதவிதமான கோர்ப்புகள் வந்தன. பந்தய சைக்கிள்களின் முன்சக்கரத்தில் கம்பியை நேராகவே விடுவது உண்டு. முன்சக்கரத்தை யாரும் மிதிப்பதில்லை. ஆகையால் அங்கே அது செல்லும். காக்கைக்கால் என்று ஒரு கோர்ப்பு இருக்கிறது. நடுவில் ஒரு கம்பி நேராகவும், இருபுறமும் இரண்டு கம்பிகள் சாய்வாகவும் போகும். இரண்டு கம்பிகளை ஜடை போல முறுக்கிக் கோர்க்கிற பித்தர்களும் மேல்நாட்டில் இருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வளைந்த கம்பி நாளடைவில் நெகிழ்ந்து கொடுக்கும். வாழைத்தார் ஏற்றுகிற சைக்கிளுக்கு அது ஆகாது. அதற்கு ஸ்டார்லியின் குறுக்குப் பின்னல்தான் சரி.

பள்ளத்தில் விழுந்த தகப்பனும் மகனும்

உயரச் சக்கர வண்டியில் பெண்கள் ஏற முடியாது. நீளப் பாவாடை இடம் கொடுக்காது. வயதானவர்களுக்கும் பயம். அவர்களுக்காக ஸ்டார்லி மூன்று சக்கர வண்டிகளில் இறங்கினார். 1876-ல் கோவென்ட்ரி லீவர் என்ற வண்டி வந்தது.

அடுத்து, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிற வண்டி ஒன்றைச் செய்தார். தாமும் மகன் வில்லியமும் ஏறி மிதித்தார்கள். மகன் வாலிபன். அவன் காலில் பலம் அதிகம். அவன் பக்கத்துச் சக்கரம் முந்தியது. வண்டி திரும்பிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. அங்கே ஒரு செந்தட்டிப் புதர்! உடம்பெல்லாம் அரிப்போடு எழுந்த ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் அவரவர் பலத்துக்கு ஏற்பத் தனித்தனி வேகத்தில் சுற்றும்படி ஒரு பல்சக்கரச் சேர்க்கையை யோசித்தார் என்று கதை சொல்வார்கள்.

அரை நூற்றாண்டுக்கு முன்பே பிரான்சில் ஒரு கடிகாரக்காரர் இதைக் கண்டிருந்தார். ஸ்டார்லி தம் வழியில் அங்கே வந்து சேர்ந்தார். 1877-ல் இந்த அமைப்புடன் சால்வோ என்ற வண்டி வெளிவந்தது. இன்று பாபநாசம் மலைப் பாதையில் வளைந்து ஏறும் பஸ்ஸின் பின் அச்சிலும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். உள்சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும். டிஃபரன்ஷியல் இல்லாவிட்டால் டயர் தேய்ந்தே போகும்.

மகாராணி பார்த்த வண்டி

விக்டோரியா மகாராணி ஒயிட் தீவில் உள்ள தம் மாளிகையில் தங்கியிருந்த சமயம். ஒரு நாள் சாரட்டில் போகும்போது ஒரு பெண் சால்வோ வண்டியை மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்தார். மகாராணிக்கு ஆச்சரியம். விசாரித்தார். இரண்டு வண்டிகள் வேண்டும் என்று உத்தரவு போனது.

1881-ன் தொடக்கத்தில் ஸ்டார்லி தாமே போய் மாளிகையில் வண்டிகளை ஒப்படைத்தார். ஒரு காலத்தில் பெரிய மனிதர் வீட்டில் களை பிடுங்கியவர், அரசி முன்னால் நின்றார். அவருக்கு ஒரு வெள்ளிக் கடிகாரம் பரிசாகக் கிடைத்தது. மகாராணி வாங்கிய செய்தி பரவியதும், பெண்கள் வண்டி ஓட்டுவது கௌரவக் குறைவு என்று பேசிய வாய்கள் பல மூடிக்கொண்டன.

நம் நாட்டில் அந்தப் பேச்சு மூட வெகு காலம் ஆயிற்று. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்ற கையோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். கேலி செய்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அந்தப் பெண்கள் பெல்லை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளிக் கடிகாரத்தை ஸ்டார்லி அதிக நாள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே நோயாளி. 1881 ஜூன் 17-ந் தேதி கோவென்ட்ரியில் காலமானார். வயது 51.

பெரியவர் சக்கரம், சகோதரர் மகன் சைக்கிள்

நாம் இன்று ஓட்டுகிற உருவத்தில் ஒரு சைக்கிளை ஸ்டார்லி கண்ணால் பார்க்கவே இல்லை. அவர் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் ரோவர் என்ற வண்டியைக் கொண்டுவந்தார். மிதிகட்டை நடுவுக்கு வந்தது. செயின் பின்சக்கரத்தை இழுத்தது. உயரச் சக்கரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். எல்லாம் மாறியது. பெரியவர் பின்னிய கம்பி மட்டும் மாறவில்லை.

கூட்டாளி ஹில்மன் சைக்கிளில் பெரும் பணம் சேர்த்து, பிற்காலத்தில் மோட்டார் கார் கம்பெனியும் தொடங்கினார். நாடாத் தறி நின்ற கோவென்ட்ரியில் சைக்கிள் பட்டறைகள் ஆயிரமாயிரம் கைகளுக்கு வேலை கொடுத்தன. அந்த ஊரார் 1884-ல் ஸ்டார்லிக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் அவர் செய்த வண்டிகளைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள்.

இங்கிலாந்துச் சைக்கிள்கள் கப்பலேறி நம் ஊருக்கு வந்தன. 1949-ல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை ஏற்பட்டது. அதன்பின் ஹெர்குலிஸ் சைக்கிள் தமிழ்நாட்டிலேயே பிறந்தது. பழைய பெரிய சைக்கிள் ஒன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தால், பிள்ளைகளை விட்டுக் கம்பிகளை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 இருக்கும். பாரம் அதிகம் விழுவதும் செயின் இழுப்பதும் பின்சக்கரம் என்பதால் அதற்கு எட்டுக் கம்பி கூடுதல்.